பின்னால் ஒரு சிவப்பு

சைக்கிளுக்கு லைற் வாங்க வருகிறவர் கடையில் முதலில் கேட்பது, "எவ்வளவு தூரத்துக்கு அடிக்கும்?" என்றுதான். கடைக்காரரும் லைற்றை எடுத்து எதிர்ச் சுவரில் அடித்துக் காட்டுவார். பகலிலேயே சுவர் வெளுத்துப்போகும். வந்தவர் காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். பின்பக்கத்துக்கு என்ன பூட்டுவது என்ற பேச்சு பெரும்பாலும் எழுவதே இல்லை. கொழும்பில் கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் இரவில் சைக்கிள் ஓட்டிய காலத்தை எழுத உட்கார்ந்தபோது எனக்கு அந்தப் பின்பக்கம்தான் முதலில் ஞாபகம் வந்தது.

ஆனால் அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்தைச் சொல்லவேண்டும். சைக்கிள் வெளிச்சம் என்றால் என்ன என்று நான் படித்தது அங்கேதான்.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்ட பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லாமல் போயிற்று. தொடர்ந்து வந்த பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடக்கம். ரோச்சுக்குப் போடும் சாதாரணப் பற்றரி ஒன்றைக் கண்டால் அதிசயமாகப் பார்ப்போம். மண்ணெண்ணெயை அளந்து அளந்து எரித்தோம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரிக்கும் சின்ன விளக்குகளில்தான் என் வயதுப் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். இந்த நிலையில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் கரண்ட் எடுக்கக்கூடிய சாமான் ஒன்று இருந்தது. அது சைக்கிள் டைனமோ.

ரயரின் பக்கத்தில் உரசிச் சுழலும் சின்ன உருளை, உள்ளே ஒரு நிலைக்காந்தம், அதைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள். இவ்வளவுதான் டைனமோ. 6 வோல்ற், 3 வாற். முன் பல்ப்புக்கு 2.4 வாற், பின் பல்ப்புக்கு மிச்சம் 0.6. எவ்வளவு வேகமாக மிதித்தாலும் கரண்ட் அரை அம்பியர் அளவில் நின்றுவிடும். கூட ஏறவிடாமல் அந்தக் கம்பிச் சுருளே தடுக்கும். ஆனால் முன் பல்ப் எரிந்துபோனால் அதன் பங்கும் சேர்ந்து பின் பல்ப்புக்குப் போகும். கொஞ்சத் தூரத்தில் அதுவும் கருகிவிடும். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் றேடியோ திருத்தும் அண்ணை ஒருவர் இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தார். டைனமோவிலிருந்து வருவது மாறி மாறி ஓடும் மின்சாரம் என்பதால் நேரே றேடியோவுக்குக் கொடுத்தால் இரைச்சல்தான் கேட்கும். அவர் நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் வைத்து அதை நேராக்கி, சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைச் சாய்த்து, றேடியோவை ஓடவிட்டார். இரவில் பிபிசி தமிழோசை தொடங்கும் நேரத்துக்கு ஒழுங்கை முழுவதும் அவர் முற்றத்தில் இருக்கும். மிதிக்கிறவன் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்துபோகும். உடனே நாலு பக்கத்திலிருந்தும், "டேய், கெதியா மிதியடா, செய்தி போகுது" என்று சத்தம் வரும். குடாநாட்டில் எத்தனையோ முற்றங்களில் அந்த வருடங்களில் இதுதான் நடந்தது.

அதே டைனமோவை வீதியில் போகும்போது பெரும்பாலும் ரயரில் படாமல் விலக்கியே வைத்திருந்தோம். உரசினால் மிதிக்கப் பாரம் என்பது ஒரு காரணம். படையினரின் ஹெலிகொப்ரர் மற்றக் காரணம். தூரத்தில் அதன் சத்தம் கேட்கும்போது வெளிச்சத்தோடு ஒருவர் போனால் வேலிக்குள்ளிருந்து, "ஆரது, லைற்றை நூருங்கோ!" என்று கத்துவார்கள். ஆகவே இருட்டிலேயே ஓடிப் பழகினோம். எதிரே வருகிறவருக்கு நாங்கள் வருவதைச் சொல்ல மணியடிப்போம், செருமுவோம், பின்னால் இருப்பவரோடு வேண்டுமென்றே உரத்துக் கதைப்போம். ஒரு சைக்கிள் வீதியில் இருக்கிறது என்பதை எப்படியாவது மற்றவருக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்பது எனக்கு வெளிச்சம் இல்லாத ஊரில்தான் உறைத்தது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் போரில் இடம்பெயர்ந்து மழையில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நாவற்குழிப் பாலத்தை அண்டிய நெரிசலில் சைக்கிளில் ஏறி ஓட இடமில்லை. எல்லோரும் மூட்டைகளைக் கட்டி உருட்டிக்கொண்டுதான் போனோம். எனக்கு முன்னால் யாரோ ஒருவரின் பழைய றலி சைக்கிள். அதன் பின் மட்காட் நுனியில் வெள்ளைப் பூச்சு, அதற்கு மேல் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்ரர். எங்கிருந்தோ ஒரு ரோச் வெளிச்சம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சிவப்பு எரிவதுபோல் பளிச்சிட்டு அடங்கும். அம்மாவும் தங்கச்சியும் எனக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று தெரியாத அந்த இரவில் நான் பிடித்துக்கொண்டு போனது அந்த ஒரு துண்டுப் பிளாஸ்ரிக்கைத்தான். பற்றரி இல்லை, பல்ப் இல்லை, கம்பி இல்லை. அதை அப்போது நான் யோசிக்கவில்லை. கொழும்புக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

கொழும்புக்கு வந்தது 1997இல். வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்பக்கமாக ஓர் ஒழுங்கையில் அறை. கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் புரூவ் பார்க்கும் வேலை. பின்னேரம் தொடங்கினால் இரவு பத்தும் ஆகும், பன்னிரண்டும் ஆகும். மட்டக்குளியிலிருந்து கொட்டாஞ்சேனை வழியாக வெள்ளவத்தைக்கு வரும் 155ஆம் இலக்க பஸ்ஸை அந்த நேரத்தில் நம்பிக்கொண்டு நிற்க முடியாது. பழைய லுமாலா ஒன்றை வாங்கினேன். டைனமோவும் அதோடு வந்தது.

வீடு திரும்பும் வழி ஒன்பது பத்துக் கிலோமீற்றர் இருக்கும். ஜம்பட்டா வீதி, செட்டியார் தெரு, புறக்கோட்டை, கோட்டை, காலிமுகத்திடல், பிறகு நேரே காலி வீதி. ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் போவதும் ஏறத்தாழ இந்த வழியாகத்தான். தேருக்கு முன்னும் பின்னும் வீதியே பகலாகும். மற்ற நாட்களில், அதுவும் இரவு பதினொரு மணிக்கு, செட்டியார் தெருவின் நகைக் கடைகள் எல்லாம் கதவு பூட்டி, நாயும் காவற்காரரும் மட்டும் இருக்கும்.

வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். எந்த இடத்தில் எத்தனை என்பது கிழமைக்குக் கிழமை மாறும். வாகனங்கள் முன் லைற்றைத் தாழ்த்தி உள் லைற்றைப் போடவேண்டும். சைக்கிள்காரர் இறங்கி உருட்டவேண்டும். இங்கேதான் டைனமோ என்னை மாட்டிவைத்தது. சைக்கிள் நின்றால் டைனமோவும் நின்றுவிடும். காவலில் நிற்பவரின் கண்ணால் பார்த்தால், இருட்டில் ஒரு வெளிச்சம் தன்னை நோக்கி வருகிறது. கிட்ட வந்ததும் அணைந்துவிடுகிறது. ஒரு சந்தியில் துவக்கை நிமிர்த்திக்கொண்டு, "எய் லயிட் எக்க நிவ்வே?" என்றார் ஒருவர். ஏன் லைற்றை அணைத்தாய் என்பது கேள்வி. எனக்கு அப்போது இருந்த சிங்களத்தில் டைனமோவின் இயக்கத்தை விளக்க முடியாது. ஹாண்டிலோடு முன்பக்கத்தைத் தூக்கி, சில்லைக் கையால் சுழற்றிக் காட்டினேன். பல்ப் எரிந்தது, மங்கியது, அணைந்தது. அவர் தலையாட்டினார். பிறகு அடையாள அட்டையைக் கேட்டார். அதில் யாழ்ப்பாண முகவரி. அதற்குப் பிறகு கேட்ட கேள்விகள் லைற்றைப் பற்றியவை அல்ல.

அந்தக் கிழமையே பற்றரி லைற் தேடத் தொடங்கினேன். ஜம்பட்டா வீதிப் பக்கம் சைக்கிள் திருத்தும் பெரியவர் ஒருவர் இருந்தார். அரைச் சுவருக்குப் பின்னால் ஒரு பலகை, மேலே தொங்கும் ரியூப்புகள், ஒரு தண்ணீர்ச் சட்டி, இதுதான் கடை. முன்னுக்கு நல்ல லைற் ஒன்று வேண்டும் என்றேன். அவர் சைக்கிளைச் சுற்றி ஒரு தரம் நடந்து பின்பக்கம் குந்தினார்.

"முன்னுக்கு எவ்வளவு போட்டாலும் அது உங்களுக்கு, தம்பி. பஸ்காரனுக்கு இங்கதானே போடணும்" என்று மட்காட்டைத் தட்டினார்.

"டைனமோவிலயே பின் லைற் இருக்கே ஐயா."

"சிவப்பு லைட்ல நின்னா எரியுமா?"

எரியாது. காலி வீதியில் சிக்னலில் நிற்கும்போது, பின்னால் தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும்போது, அதாவது மிகவும் தேவையான அந்த நேரத்தில், டைனமோவின் பின் லைற் செத்துக் கிடக்கும். அவர் இரண்டு பற்றரி போடும் சிவப்பு மூடி லைற் ஒன்றைக் கரியருக்குக் கீழே பூட்டித் தந்தார். அதோடு அகலமான சிவப்பு ரிஃப்ளெக்ரர் ஒன்றையும் மட்காட்டில் தாழ்வாக முறுக்கினார். லைற் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன். "முன் லைட் போனா உங்களுக்குத் தெரியும். பின் லைட் போனா யாரு வந்து சொல்றது?" என்றார்.

இந்தப் பதிலை நான் இத்தனை வருடங்களில் எத்தனையோ பேருக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். அதன் நியாயம் காலிமுகத்திடலில் எனக்குப் புரிந்தது. கொழும்பின் கடற்காற்று உப்புக் காற்று. பற்றரி தொடும் தகட்டில் சில மாதங்களிலேயே பச்சை பூத்துவிடும். சாண்ட் பேப்பரால் தேய்த்து மெல்லிய வாசலின் பூசினால் கொஞ்ச நாள் தாங்கும். இல்லாவிட்டால் ஒரு குலுக்கலில் அணைந்து, மறு குலுக்கலில் எரியும். ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. வெள்ளவத்தையில் இறங்கித் திரும்பிப் பார்க்கும்போது பின்பக்கம் கறுத்துக் கிடக்கும். எங்கே அணைந்தது, கொள்ளுப்பிட்டியிலா, பம்பலப்பிட்டியிலா? அந்தத் தூரம் முழுவதும் எனக்காக வேலைசெய்தது அந்தத் தாழ்வாகப் பூட்டிய ரிஃப்ளெக்ரர்தான்.

ரிஃப்ளெக்ரரைப் பலர் சின்னக் கண்ணாடி என்று நினைக்கிறார்கள். கண்ணாடி அப்படிச் செய்யாது. சாய்வாக விழும் வெளிச்சத்தை வேறு பக்கம் அனுப்பிவிடும். நல்ல ரிஃப்ளெக்ரரின் உட்பக்கத்தில் நூற்றுக்கணக்கான நுண்ணிய மூலைகள் இருக்கும். ஓர் அறையின் இரண்டு சுவரும் தரையும் சந்திக்கும் மூலையைப்போல ஒவ்வொன்றிலும் மூன்று முகங்கள் செங்குத்தாகக் கூடும். அந்த மூலைக்குள் புகுந்த வெளிச்சம் மூன்று முகத்திலும் பட்டு, வந்த திசைக்கே திரும்பும். பஸ்ஸின் முன் லைற்றிலிருந்து வந்தது பஸ்ஸுக்கே போகும். சாரதியின் கண் லைற்றுக்குக் கொஞ்சம் மேலேதானே இருக்கிறது, அதனால் அவருக்கு அது எரியும் விளக்காகத் தெரிகிறது. பக்கத்தில் நடந்துபோகிறவருக்கு ஒன்றும் தெரியாது. 1969இல் அப்பலோ 11இல் போனவர்கள் சந்திரனில் வைத்துவிட்டு வந்த பலகையிலும் இதே முக்கோண மூலைகள்தான். பூமியிலிருந்து லேசர் அடித்து, திரும்பி வரும் நேரத்தைக் கணித்து, இன்றைக்கும் சந்திரனின் தூரத்தை அளக்கிறார்கள். என் மட்காட்டில் இருந்ததும் அந்த வகைதான் என்று பின்னர் ஒரு புத்தகத்தில் படித்தபோது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது.

இதிலிருந்து கடையில் செய்யக்கூடிய சோதனை ஒன்று கிடைக்கிறது. ரோச்சையோ போன் லைற்றையோ கன்னத்தோடு, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நாலைந்து மீற்றர் தள்ளி நின்று ரிஃப்ளெக்ரரைப் பார்க்கவேண்டும். நல்லதென்றால் கண்ணுக்குள் பாயும். லைற்றைக் கையை நீட்டித் தூரப் பிடித்தால் மங்கவேண்டும். சிவப்புப் பிளாஸ்ரிக்கில் கோடு கோடாக அச்சடித்த போலிகள் இரண்டு விதமாகப் பிடித்தாலும் ஒரே சோகையாகத்தான் இருக்கும். புறக்கோட்டையில் மலிவாகக் கிடைப்பதில் இந்தப் போலிகள் நிறைய. இன்னொன்று, வெடித்த ரிஃப்ளெக்ரரை வைத்திருக்கக்கூடாது. அந்த மூலைகள் வேலைசெய்வது பின்னால் காற்று அடைபட்டு இருப்பதால். வெடிப்பு வழியாக மழைத் தண்ணீர் போய் நின்றால் வெளிச்சம் திரும்பாமல் கசிந்துபோகும். மேலோட்டமாகப் பார்த்தால் சிவப்பு சிவப்பாகத்தான் இருக்கும்.

தாழ்வாகப் பூட்டவேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. நகரத்துக்குள் வாகனங்கள் முன் லைற்றைத் தாழ்த்தித்தான் வரவேண்டும். தாழ்ந்த வெளிச்சம் தூரத்தில் முழங்காலுக்குக் கீழேதான் விழும். வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறேன் என்று நம்புகிறவரின் சட்டைக்கு அது வந்து சேரும்போது வாகனம் மிகக் கிட்ட வந்திருக்கும். மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் பஸ் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 17 மீற்றர் ஓடுகிறது. சாரதி பார்த்து, உணர்ந்து, கால் பிறேக்குக்குப் போக ஒன்றரைச் செக்கன் எடுத்தால் 25 மீற்றர் அதிலேயே போய்விடும்; பிறேக் பிடித்து நிற்கும் தூரம் அதற்கு மேல். ஆகவே பெடலின் இரண்டு பக்கமும் இருக்கும் மஞ்சள் ரிஃப்ளெக்ரர்களைப் பழையதாகிவிட்டன என்று கழற்றி எறிகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். ஏறி இறங்கும் அந்த இரண்டு மஞ்சள் புள்ளிகளைப் பார்த்த கணமே, அங்கே ஒரு மனிதன் மிதித்துக்கொண்டு போகிறான் என்பது எந்தச் சாரதிக்கும் தெரிந்துவிடும். வேறெந்த லைற்றும் அதை அவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

இங்கிலாந்தில் 1920களிலும் 30களிலும் பின் லைற்றைப் பற்றிப் பெரிய சர்ச்சையே நடந்தது. அங்கிருந்த சைக்கிள் பயணிகள் சங்கம் பின் லைற்றைக் கட்டாயமாக்குவதை எதிர்த்தது. முன்னால் இருப்பதைப் பார்த்து ஓட்டவேண்டியது மோட்டார்க்காரரின் கடமை, அந்தப் பொறுப்பைச் சைக்கிள்காரரின் தலையில் கட்டாதீர்கள் என்பது அவர்கள் வாதம். இரண்டாம் உலகப்போரின் இருட்டடிப்பு வந்தபோது அந்த வாதம் எடுபடவில்லை. பின் மட்காட்டின் வெள்ளை நுனி நம்மூருக்கு வந்ததும் அந்தப் பக்கத்து வழக்கத்தோடுதான். அவர்கள் சொன்ன நியாயத்தை நான் மதிக்கிறேன். இருட்டில் ஒருவர் அடிபட்டால், "லைற் இல்லாமல் போனான்" என்ற ஒரு வசனத்தோடு கதை முடிந்துவிடுகிறது. வேகத்தைப் பற்றியோ, எரியாத தெருவிளக்கைப் பற்றியோ பேச்சே எழுவதில்லை. ஆனாலும் காலி வீதியில் என் முதுகுக்குப் பின்னால் பஸ்ஸின் உறுமல் கேட்கும்போது நியாயம் என் பக்கம் இருப்பது மட்டும் எனக்குப் போதாது. சிவப்பும் வேண்டும்.

இடையில் ஒரு காலம் சைக்கிளே இல்லாமல் ஓடிற்று. கலியாணம், பிள்ளைகள், ஒரு பழைய மோட்டார் சைக்கிள். 2009இல் போர் முடிந்தது, சாவடிகள் ஒவ்வொன்றாகப் போயின. மறுபடி நான் சைக்கிளில் ஏறியது 2022இல்.

அந்த மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போயிற்று. மின்சாரத்தை மிச்சம்பிடிக்கத் தெருவிளக்குகளையும் அணைக்கச் சொல்லியிருப்பதாக அப்போதைய மின்சக்தி அமைச்சர் அறிவித்தார். பெற்றோலுக்கு வரிசை. ஜூன் 27ஆம் திகதி, அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள், ஜூலை 10 வரை மற்றவர்களுக்கு இல்லை என்றார்கள். வங்கியில் வேலைசெய்கிறவரும் டொக்டரும் ரியூசன் மாஸ்ரரும் சைக்கிள் தேடினார்கள். சைக்கிள் விலை ஏறியது, ரூபாயின் வீழ்ச்சியோடு இறக்குமதிச் சாமான் எல்லாமே ஏறியது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் தூசு பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் காற்றடிக்கப்பட்டு வெளியே வந்தன. யாழ்ப்பாணத்தில் நாங்கள் வாழ்ந்த வாழ்வின் ஒரு துண்டு கொழும்பின் எல்லாச் சனத்துக்கும் வந்துவிட்டது என்று மனைவி சொன்னார்.

இரவில் காலிமுகத்திடலைத் தாண்டும்போது போராட்டக்காரர்களின் கூடாரங்கள். கரண்ட் இல்லாத வேளைகளில் கூட்டத்தில் ஆயிரக்கணக்கான போன் லைற்றுகள் உயரும். அதைத் தாண்டினால் காலி வீதி மையிருட்டு. அந்த இருட்டில் என்னைப்போல் எத்தனையோ சைக்கிள்கள். பாதிக்கு மேல் முன்னாலும் பின்னாலும் ஒன்றுமில்லை. திடீரென்று ஒரு மூச்சுச் சத்தம் பக்கத்தில் கேட்கும், ஒருவர் கடந்து போவார். செருமத் தெரியாத ஊர் இது.

லைற் தேடிக் கடை கடையாக ஏறினேன். பெட்டிகளில் பெரிய பெரிய லூமன் எண்கள். அந்த எண் மொத்த வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். அது வீதியில் விழுகிறதா, எதிரே வருகிறவர் கண்ணில் விழுகிறதா என்பதைச் சொல்லாது. ரோச் போல வட்டமாக அடிக்கும் லைற்றுகளைத்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். மரைன் டிரைவில் அப்படி ஒன்று எதிரே வந்தால் சில கணம் வீதி, தண்டவாளம், கடல் எல்லாமே மறைந்துவிடும். அந்தச் சில கணத்தில் ஒரு பிள்ளை குறுக்கே வந்தால்? அப்படி லைற் வைத்திருப்பவர்களை நான் நிறுத்தியே சொல்லியிருக்கிறேன்: கொஞ்சம் கீழே திருப்புங்கள், வெளிச்சத்தின் நடு பத்து மீற்றருக்கு முன்னால் தரையில் விழட்டும். பெரும்பாலானோர் கோபிக்காமல் திருப்பினார்கள்.

ஜேர்மனியில் இருக்கும் மச்சான் ஒருவர் அந்த வருட இறுதியில் வந்தபோது எனக்காக ஒரு முன் லைற் கொண்டுவந்தார். அங்கே சைக்கிள் லைற்றுக்கும் சட்டம் இருக்கிறது. காரின் தாழ்ந்த வெளிச்சம்போல மேற்பக்கம் வெட்டினாற்போல் நிற்கவேண்டும், எதிரே வருகிறவர் கண் கூசக்கூடாது. 2013 வரை டைனமோதான் கட்டாயம். அதற்குப் பிறகுதான் பற்றரி லைற் மட்டும் பூட்டினாலும் போதும் என்றார்களாம். அவர் கொண்டுவந்ததும் டைனமோவில் எரியும் எல்இடி லைற். உள்ளே ஒரு கப்பாசிற்றர். சைக்கிள் நின்றாலும் சில நிமிடம் எரிந்துகொண்டே இருக்கும். என் பழைய போத்தல் டைனமோவைத் தூசு தட்டிப் பூட்டி, ஒழுங்கை முனை வரை ஓடிப்போய் நின்றேன். லைற் நிற்கவில்லை. கொக்குவில் அண்ணை செய்தி கேட்க வைத்த கப்பாசிற்றர் இங்கே வெளிச்சத்தைப் பிடித்து வைத்திருந்தது. 1997இல் இது என்னிடம் இருந்திருந்தால் அந்தச் சந்தியில் ஒரு கேள்வியாவது குறைந்திருக்கும். நான் அங்கே வெகுநேரம் நின்றேன்.

பின்னுக்கு நான் தேர்ந்தது மிகச் சாதாரணமானது. யூஎஸ்பியில் சார்ஜ் ஏற்றும் வகையை வேண்டுமென்றே விட்டேன். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் அதை நம்பிப் பின்பக்கத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. பென்சில் பற்றரி இரண்டு போடும் சிவப்பு எல்இடி, ஒரு சோடி பற்றரிக்குப் பல இரவுகள் எரியும், தீர்ந்தால் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். பற்றரி கிடைக்காத ஊரில் வளர்ந்தவனுக்கு அந்தக் கடைசி வசதி சின்ன விசயம் அல்ல. மழைக்கு மூடியின் றபர் வளையம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். ஓடத் தொடங்குமுன் கையைப் பின்னால் நீட்டினால் உள்ளங்கை சிவக்கிறதா என்று பார்ப்பேன்.

பிறகு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். லொறிகளின் பின்புறம் ஒட்டும் சிவப்பு வெள்ளை ஒளிநாடாவை அங்கே அடிக்கணக்கில் வெட்டித் தருவார்கள். கடைக்கார நானா என் சைக்கிளை எட்டிப் பார்த்தார். "இது லொறிக்கு ஒட்டுற சாமான். சைக்கிளுக்கு எனத்துக்கு?" என்றார். லொறிக்காரனுக்குத் தெரிந்த சாமான் என்பதால்தான் என்றேன். சிரித்துக்கொண்டு, கேட்டதற்குக் கொஞ்சம் கூடவே வெட்டித் தந்தார். பின் கவைக் கம்பிகளில் சிவப்பு, பெடல் தண்டில் வெள்ளை, சில்லின் ஸ்போக் கம்பிகளுக்கு இடையில் பக்கத்துக்கு ஒன்று. குறுக்கு ஒழுங்கையிலிருந்து காலி வீதிக்கு ஏறும் ஓட்டோவுக்குச் சைக்கிளின் முன்னும் பின்னும் உள்ள லைற் தெரியாது. சுழலும் சில்லில் இருப்பதுதான் தெரியும்.

மிச்சமிருந்த நாடாவை அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் விடியுமுன்னரே சைக்கிளில் இறங்கும் ஆட்கள் நிறையப் பேர். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைமார், மீன்காரர், மனிங் சந்தை 2020இல் பேலியகொடைக்குப் போன பிறகு களனி ஆற்றைத் தாண்டி அங்கே ஓடுகிறவர்கள். கரியரில் பெட்டி கட்டினால் ரிஃப்ளெக்ரர் மறைந்துவிடும், லைற்றுக்கு இடமிருக்காது. விலையுயர்ந்த லைற்றைப் பற்றி அவர்களோடு பேசுவதில் அர்த்தமில்லை. நிறுத்திவைத்த இடத்தில் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நாடாவை யாரும் கழற்றுவதில்லை. பெட்டியின் பின்பக்கத்திலேயே ஒட்டலாம். தூசையும் எண்ணெயையும் துணியால் துடைத்துவிட்டு, வெயிலில் சூடேறிய பின்னர் அழுத்தி ஒட்டினால் மழையிலும் கழலாது. மாநகரசபையோ பொலிஸோ தண்டம் எழுதும் புத்தகத்தோடு நிற்பதற்குப் பதிலாக இந்த நாடாச் சுருளோடு ஒரு விடியற்காலை களனிப் பாலத்தடியில் நிற்கவேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. ஒரு சைக்கிளுக்கு ஓர் அடி நாடா, இரண்டு நிமிட வேலை.

அச்சகத்தில் புத்தகம் கட்டும் தம்பி ஒருவன் தன் சைக்கிளுக்கு மட்டுமல்லாமல், மீன் வியாபாரம் செய்யும் அப்பாவின் பெட்டிக்கும் கேட்டு வாங்கினான். பின் லைற்றும் என்னுடையது போலவே தேடி வாங்கினான். ஆனால் அதை மின்னவிட்டுத்தான் ஓடுகிறான்.

"மின்னினாத்தான் அண்ணே திரும்பிப் பாப்பாங்க" என்கிறான்.

"பாப்பாங்க, ஆனா எவ்வளவு தூரத்தில நிக்கிறாய் எண்டு கணக்குப் பிடிக்கேலாது. நின்டு எரியிற லைற்றுக்குத்தான் தூரம் தெரியும்."

"பஸ் லைட்டு, கார் லைட்டு, கடை லைட்டு எல்லாம் நின்டுதானே எரியுது. நான் அதுக்குள்ள காணாமப் போயிருவேன்."

தெருவிளக்குகள் மறுபடி எரியும் காலி வீதியில் அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு நிற்கும் லைற், ஒரு மின்னும் லைற் என்று இரண்டும் பூட்டலாம் என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டாவதற்குச் சம்பளம் வரட்டும் என்றான். அதுவரை அவன் மின்னவிட்டும் நான் எரியவிட்டும் ஜம்பட்டா வீதி வரை ஒன்றாக ஓடுகிறோம். அவன் என்னைப் பின்னுக்கு வரச் சொல்வான், தன் லைற்றா வீதியின் மற்ற லைற்றுகளா, எது முதலில் கண்ணில் படுகிறது என்று நான் பார்த்துச் சொல்லவேண்டுமாம்.